மூன்றாம் குழியில் சாமை

காலை ஆறு நாற்பது. பனிக்குள் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் கொடி. அதில் வெள்ளை நிறத்தில் மூன்று என்ற எண். அடுத்துப் பட்டது, அந்தக் கொடிக்கம்பில் கட்டியிருந்த ஆடு.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். கல்வராயன் மலையில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, அதன் முதலாளி சென்னையிலிருந்து ஒரு விருந்தினரை அழைத்து வருகிறார், அவருக்கு இடம் பிடித்தால் பணம் போட்டுப் பெரிதாக்குவார்கள், பெட்டிச் செய்தி ஒன்று வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மலையில் சாமை, மரவள்ளி, கடுக்காய், தேன் எல்லாம் தெரியும். கோல்ஃப் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

மைதானம் என்பது ஐந்து குழிகள். பதினெட்டு என்று ஆரம்பித்து ஐந்தோடு நின்றுவிட்டது. ஓரத்தில் ஒரு தங்கும் விடுதி. பந்தடிக்க ஆள் வருவது எப்போதாவதுதான். அதற்காக இடம் சும்மா கிடக்கவில்லை.

முதல் குழிக்கு அருகிலுள்ள மேட்டில் மட்டும் செல்போன் சிக்னல் கிடைக்கும். நான் போனபோது ஒரு பெண் அங்கே நின்று, திருப்பூரில் வேலை செய்யும் கணவனிடம், "சீக்கிரம் சொல்லு, பின்னால ஆளு நின்னுக்கினு இருக்குது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் குழியின் பக்கத்தில், பந்து விழுந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே தோண்டி வைத்த மணல் பள்ளம். அதில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இரண்டு பெண்கள் ஓடிவந்து நீளம் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் மணலைச் சமன் செய்ய ஒரு பல்வாரி வேண்டும். கோல்ஃப்காரர்களுக்கும் அதே தேவை என்பதால் அது அங்கேயே இருந்தது.

மூன்றாம் குழி வேறு விஷயம்.

கொடி நிற்கும் இடத்தைச் சுற்றி, பந்து தடையில்லாமல் உருள்வதற்காகப் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டி வைப்பது வழக்கம். அங்கே புல்லே இல்லை. செதுக்கி எடுத்து, தண்ணீர் விட்டு இடித்து, சாணி கரைத்து மெழுகியிருந்தது. நடுவே உமி பிரியாத சாமைக் குவியல். குழிக்குள் தானியம் விழாமல் அதன் வாய்க்கு ஓட்டை போட்ட ஒரு எவர்சில்வர் தட்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் கொடிக்கம்பு நின்றது.

மைதானத்தின் காவலாளிக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்க்காரர்.

"சார், நீங்க பேப்பரா? போட்டோ மட்டும் எடுத்துடாதீங்க. வேலை பூடும்" என்றார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மேனேஜர் போனில் சொன்னதைத்தான் செய்தாராம். தரை வழவழவென்று இருக்கணும், ஒரு மேடு பள்ளம் இருக்கக்கூடாது, பந்தைத் தள்ளினால் தானாகப் போகணும். மலையில் அப்படிப்பட்ட தரை ஒன்றுதான் அவருக்குத் தெரியும், அது களம். பொதுவாகக் களத்துக்கு அங்கே சமதரை கிடைக்காது. பாதிப் பேர் தார் ரோட்டில் கதிரைப் போட்டு, போகிற வண்டிகளை மிதிக்க விடுவார்கள். இவ்வளவு நல்ல களம் அமைந்த பிறகு, அவருடைய அக்கா தன் சாமையை ரோட்டுக்கு ஏன் கொண்டுபோகப்போகிறார்?

சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து மெழுகிய தரையில் உருட்டிக் காட்டினார். நேராகப் போய், தட்டில் மோதி நின்றது.

"பாத்தீங்களா?" என்றார். அந்த நேரத்தில்கூட அவர் குரலில் பெருமை இருந்தது.

முதலாளி எட்டு மணிக்கு வருவார். குவியலை அதற்குள் அள்ளிக்கொண்டு போனால் தொல்லை விட்டது. ஆனால் தூற்றாமல் அளக்க முடியாது, அளக்காமல் களத்தை விட்டு ஒரு பிடிகூடப் போகக்கூடாது. அக்கா இதில் கண்டிப்பு. கையில் முறத்தோடு ஒரு மர முக்காலியின் மேல் நின்றிருந்தார். தூற்றக் காற்று வேண்டும். கொடி நனைந்த துணிபோலத் தொங்கியது.

"அக்கா, சாக்குல வாரிடலாம். வூட்ல போயி அளந்துக்கலாம்."

"களத்துல அளக்காத தானியம் வூட்ல தங்காதுடா."

"என் வேலை தங்காது, அத்த இன்னா பண்ண?"

"கொடிய பாத்துக்கினு இரு. காத்து வரும்."

கார் காற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. காவலாளி ஆட்டை அவிழ்த்து நீளம் தாண்டும் பெண்களிடம் கொடுத்துவிட்டு ஓடினார். முதலாளி வேகமாக நடப்பவர், வேகமாகப் பேசுபவர். விருந்தினர் எழுபதை நெருங்கியவர். வெள்ளைத் தொப்பி, அடியில் ஆணிகள் வைத்த காலணி. மேட்டில் போன் பேசிக்கொண்டிருந்தவள் இவர்களைப் பார்த்ததும், "அப்புறம் பேசறேன், ஆட்டக்காரங்க வந்துட்டாங்க" என்று இறங்கிவிட்டாள்.

முதல் குழி முடிந்து இரண்டாவதற்கு வந்தபோது, விருந்தினர் குனிந்து நாலு புல்லைக் கிள்ளி, கண்ணுக்கு நேராக உயர்த்தி, விரலை விட்டார். புல் நேராகக் கீழே விழுந்தது.

நான் அப்போது களத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். அக்கா முக்காலி மேலிருந்து அதைப் பார்த்தார்.

"அவரும் காத்துக்குத்தான் நின்னுக்கினு இருக்கறாரு" என்றார்.

ஏழெட்டு நிமிடத்தில் அது வந்தது. முதலில் கொடியின் நுனி அசைந்தது, பிறகு முழுக் கொடியும் விரிந்தது. அக்கா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்த்தார். தூசி தனியாகப் பறந்தது, சாமை தனியாக விழுந்தது. களத்து வேலைக்கு அவரோடு வந்திருந்த இரண்டு பெண்கள் முறத்தை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார்கள். சுத்தமான தானியம் ஒரு பக்கம் கூம்பாக ஏறியது. அதைப் பொலி என்பார்கள்.

தூசியைப் பார்த்து முதலாளி காவலாளியிடம் ஏதோ கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. காவலாளியின் இரண்டு கைகளும் மார்பின் குறுக்கே போயின. இரண்டாம் குழியை முடித்து மூன்றாவதை நோக்கி நின்ற விருந்தினர் அதைக் கவனிக்காமல் மட்டையைச் சுழற்றினார். பந்து பனிக்குள் ஏறி மறைந்து, பொத்தென்று பொலிக்குள் விழுந்தது.

"எவன்டா அது கல்லு வுட்றது?" என்றார் அக்கா, திரும்பாமலே.

முதலாளி ஏறக்குறைய ஓடிவந்தார். களத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். காவலாளியின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா உனக்குச் சம்பளம்? புல் எங்கய்யா?"

"மேனேஜர்தான் வழவழன்னு..." என்று காவலாளி ஆரம்பித்தார்.

"நாளையிலிருந்து வராதே." பந்தை எடுக்க அவர் காலை முன்னால் வைத்தார்.

"செருப்பு!" என்று மூன்று பெண்களும் சேர்ந்து கத்தினார்கள்.

முதலாளி நின்றுவிட்டார். பின்னால் மெதுவாக வந்து சேர்ந்த விருந்தினர் என்ன விஷயம் என்று கேட்டார். களத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, கயிற்றைத் தளர்த்தி, ஆணிக் காலணிகளைக் கழற்றி, காலுறைகளை உருட்டி அதற்குள் வைத்தார். வெறுங்காலோடு தரையில் நின்று பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"நான் ஆட ஆரம்பிச்ச மைதானத்துல புல்லே கிடையாது. மணலும் எண்ணெயும் போட்டு அழுத்தின தரை. இது அதைவிட நல்லா இருக்கே" என்றார். பிறகு, "என் பந்து எங்கம்மா?"

"பொலிக்குள்ள இருக்குதுங்க. அளக்கற வரைக்கும் அதுல யாரும் கை வெக்கக்கூடாதுங்க."

"நாங்களும் பந்தைக் கையால தொடக்கூடாது" என்றார் விருந்தினர். "அப்ப அளங்க. நான் இருக்கேன்."

"சார், வேற பந்து தரேன்" என்றார் முதலாளி.

"வேற பந்து எடுத்தா எனக்கு ஒரு அடி அபராதம்."

இவ்வாறு அந்த மனிதர் களத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலாளிக்கு வேறு வழியில்லை. பளபளப்பான ஷூவைக் கழற்றிவிட்டு அவரும் உட்கார்ந்தார். ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது. நீளம் தாண்டும் பெண்கள் ஆட்டோடு வந்து நின்றார்கள். தூற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. விருந்தினரின் தொப்பி முழுவதும் உமி. யாரோ வறக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பிறகு அக்கா பொலியின் உச்சியில் ஒரு சாணி உருண்டையை வைத்து அருகம்புல் செருகி, கும்பிட்டுவிட்டு, மரக்காலை எடுத்தார்.

"லாபம்" என்று சொல்லி முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டினார். "ரெண்டு. மூணு."

"ஒண்ணு எங்கே போச்சு?" என்றார் விருந்தினர் என்னிடம்.

ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், அதன் பெயர்தான் லாபம் என்றேன். அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "நம்ம ஸ்கோரும் இப்படி எண்ணலாம்யா" என்றார். அன்று முதல் தடவையாக முதலாளி சிரித்தார்.

ஏழாவது மரக்காலில் பந்து வந்தது. அக்கா அதைக் கையால் தொடவில்லை. மரக்காலைச் சாய்த்து, அதைத் தரையில் விழவிட்டார். விருந்தினர் எழுந்து, சாக்கைச் சுற்றி நடந்து, மட்டையால் மெல்லத் தள்ளினார். காவலாளி பாய்ந்து போய்க் கொடியையும் தட்டையும் எடுத்தார். மெழுகிய தரையில் பந்து கோடு போட்டதுபோல் போய்க் குழிக்குள் விழுந்தது.

"போட்டுட்டாரு!" என்று போலீஸ் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

"கையே நடுங்கலியே பெரியவருக்கு" என்றார் அக்கா. "அடுத்த வருஷம் தூத்தறதுக்கு வாங்க."

விருந்தினர் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நான்காம் குழிக்கு நடந்தார். போகும்போது முதலாளியிடம், "இந்தத் தரையைப் போட்ட ஆளை அனுப்பிடாதே" என்றார். முதலாளி காவலாளியைப் பார்த்தார். காவலாளி தட்டை மார்போடு அணைத்தபடி நின்றார்.

பெட்டிச் செய்தி எழுதினேன். ஐந்து குழிகள், மலைக்காற்று, விருந்தினர் மகிழ்ச்சி. களத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

போன கார்த்திகையில் மறுபடி போயிருந்தேன். மைதானத்தில் இப்போது ஒன்பது குழிகள். காவலாளி அவரேதான். சாமை அறுவடை முடியும் வரை, ஆட வருபவர்கள் இரண்டாம் குழியிலிருந்து நேராக நான்காம் குழிக்குப் போகிறார்கள்.