சேவூர் முனுசாமியின் தங்கை

ஏப்ரல் கடைசியில் இங்கே வயல்களில் தண்ணீர் கட்டுகிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால், அந்தத் தண்ணீருக்குள் பனிமலைகள் தலைகீழாக மிதக்கும். வட இத்தாலியில் நெல் விளைகிறது என்றால் ஆரணியில் சிரிப்பார்கள். நான் ஓர் அரிசி ஆலையில் மெக்கானிக். ஊரில் கேட்ட அதே மில் சத்தம்தான். ஆனால் இவர்கள் நெல்லை அவிப்பதில்லை. அந்த வாசனை மட்டும் இல்லாததால் எல்லாமே பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும்.

வந்த புதிதில் தெருவில் முகங்களைத் தேடினேன். தாத்தாவின் அண்ணன் முனுசாமி, இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தோடு இத்தாலிக்கு வந்தவர், திரும்பவில்லை. வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. எங்கள் மூக்கோடு யாராவது ஒருவர் சைக்கிளில் எதிரே வருவார் என்று நம்பினேன். கடைசியில் அவர் அகப்பட்டது, இணையத்தில் போரில் இறந்தவர்களின் பட்டியலில். ரயிலேறி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எரியூட்டப்பட்டவர்களுக்குக் கல்லறை இல்லை. சுவரில் பெயர் மட்டும்.

தோட்டக்காரர் "பரேந்தே?" என்றார். பெற்றோரைக் கேட்கிறார் என்று எண்ணி, "இந்தியாவில் சௌக்கியமாக இருக்கிறார்கள்" என்றேன். சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார் மனிதர். உறவினரா என்று கேட்டிருக்கிறார். பிறகு பதிவேட்டைத் திறந்து காட்டினார். 'ஆரணி, சேவூர் எல்லப்பன் மகன். தெள்ளார் ஞானத்தின் அண்ணன்.' அப்படியொரு தங்கை இருந்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஞானம் யாருப்பா?"

"அந்தப் பேச்சு எதுக்குடா இப்போ? எங்க அத்த. வேதக்கார வாத்தியாரக் கட்டிகினு போச்சு. எங்கப்பா தல முழுகிட்டாரு."

பொங்கலுக்கு விடுமுறை எடுத்து ஊருக்குப் போனேன். தெள்ளாருக்கு வரவே மாட்டேன் என்ற அப்பா, வந்தவாசி பஸ் கிளம்பும்போது ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெள்ளாரில் சர்ச்சில் விசாரித்து, ஞானத்தின் மகள் எஸ்தரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பாவைவிட மூத்தவர். சுவரில் இருந்த பெயரை என் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா பட்டாளத்துல அம்மா விலாசத்ததான் குடுத்திருந்தாராம். செத்த சேதி இங்கதான் வந்திச்சு. அம்மா அந்தக் காகிதத்த எடுத்துகினு சேவூருக்கு ஓடியாந்தாங்களாம். உங்க வீட்டுல கதவத் தெறக்கலியாம். தெருவுலயே நின்னு அழுதுட்டுத் திரும்பிட்டாங்க."

அந்த வெள்ளைக்காரிக் கதை, மூடிய அந்தக் கதவுக்குள்தான் பிறந்திருக்கிறது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப தெறந்துதாங்க இருக்குது," என்றார். "வாங்க."

வந்தார். அன்று தொடங்கிய போக்குவரத்து நிற்கவில்லை.

போன ஞாயிறு மறுபடி அந்தச் சுவருக்குப் போய் வீடியோவில் அழைத்தேன். சேவூர் வீட்டில் அப்பாவும் எஸ்தர் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் தெரியட்டும் என்று பெயருக்கு அருகே நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் தள்ளுடா, பேரு மறைக்குது," என்றார் அப்பா.

தள்ளினேன். அங்கே அப்பா கைகூப்பினார்; பெரியம்மா தலைகுனிந்தார். திரையின் மூலையில், என் முகம் தெரிகிற கட்டத்தில், வெயிலடித்த சுவர் மட்டும் தெரிந்தது. நான் அந்த வீட்டிலும் இல்லை, இந்தப் படத்திலும் இல்லை. கை வலிக்க, போனை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.