பினாங்கிலிருந்து வந்த பழைய கார்

கணவர் இறந்த பிறகு பினாங்கை விட்டு ஊர் திரும்ப முடிவெடுத்தேன். எங்கள் பழைய காரையும் கப்பலில் ஏற்றினேன். "அந்தத் தகர டப்பாவை அங்கேயே வித்துட்டு வா" என்று அண்ணன் எழுதியிருந்தார். நான் கேட்கவில்லை. அந்தக் காரில்தான் என் கணவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கடைசியாக அவரை அதில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக் கொண்டுபோனதும் நான்தான்.

மதராஸ் துறைமுகத்தில் காரை இறக்கியபோது ஒரு கதவு நசுங்கி, பம்பர் துருவேறிக் கிடந்தது. அண்ணன் ஒரு டிரைவரோடு வந்திருந்தார்.

"சாவியைக் குடு. இவர் ஓட்டிட்டு வந்துடுவார். நாம ரயில்ல போயிடலாம்."

"வேணாண்ணே. நானே ஓட்டிட்டு வரேன்."

"புருஷனைப் பறிகொடுத்தவ கார் ஓட்டிக்கிட்டு வந்தா, ஸ்ரீரங்கத்துல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"நடக்க முடியலைன்னா கார்ல ஏறி உட்காருங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை. கோபித்துக்கொண்டு டிரைவரோடு ரயிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினேன். விழுப்புரம் தாண்டி ரேடியேட்டர் கொதித்தது. வயலில் இருந்தவர்களிடம் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். சாயங்காலம் கொள்ளிடம் பாலத்தைக் கடந்தேன். யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். வேண்டுமென்றே சித்திரை வீதியைச் சுற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். வாசல்தோறும் ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் நின்ற அண்ணன் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். அம்மா வெளியே வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"காவேரிப் பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம்டி" என்றாள்.

அண்ணன் பல மாதம் என்னோடு பேசவில்லை. நானும் ஓட்டுவதை நிறுத்தவில்லை.