களுதாவளையில் நின்றுபோகும் பிக்கப்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

காலையில் சும்மா இருக்க முடியாமல், என் டீசல் பிக்கப்பின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் செசி நம்பரைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். “எரிபொருள் பம்பில் பழுது. ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகலாம். மாற்றித் தருகிறோம், உடனே கொண்டுவரவும்” என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

நின்றுபோகலாமா? ஆறு மாதமாக நின்றுகொண்டுதானே இருக்கிறது!

வாழைச்சேனையில் மீன் ஏற்றிக் கல்முனைக்குப் போகும்போதெல்லாம் களுதாவளைப் பிள்ளையார் கோயிலடியில் நின்றுவிடும். ஏதோ நேர்த்தி பாக்கி என்று நினைத்து, இறங்கித் தேங்காய் உடைப்பேன். உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். நேற்று அப்படி நின்றபோது, பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகிப் போனது. அதற்கும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

கராஜ் மெக்கானிக் பாஸிடம் சொன்னேன். “வாழைச்சேனையில இருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்து பம்ப் சூடேறினா நிக்கும் அண்ணன். நீங்க தேங்காய் உடைக்கிற நேரத்துக்குள்ள ஆறிரும்” என்றார்.

அதை மனைவியிடம் விளக்கினேன்.

“அப்ப நேத்து அந்த பஸ்ஸ விலத்தி விட்டது ஆருங்க?” என்று கேட்டாள்.

இதே மொடல் வைத்திருப்பவர்களே, உங்களுடையது எந்தக் கோயிலடியில் நிற்கிறது?