ஒரு நிமிடம் முப்பத்தொன்று

கன்னையன் வாட்ச்மேனாக இருக்கும் பனியன் கம்பெனிக்குப் போகிற டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு நேரம் மனப்பாடம். கேட்டைத் திறப்பதற்கு முன் நோட்டில் வண்டி நம்பர் எழுதுவார். எழுதிக்கொண்டே, யாரும் கேட்காமலேயே சொல்வார்.

"நாலு ரவுண்டுங்க. ஒரு நிமிசம் முப்பத்தொண்ணு செகண்டு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் தொடலீங்க."

அவர் கேபினுக்குள் ஆணியில் ஒற்றை பூட்ஸ் தொங்கும். இடது கால் பூட்ஸ். அடியில் இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்திருக்கும். வடநாட்டுப் பையன்கள் அது என்ன சாமி என்று கேட்பார்கள். ஒரு வகையில் சாமிதான். அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் வருடா வருடம் மாசி மாதம் மண் ரேஸ் நடக்கும். நானூறு மீட்டர் வட்டம், முட்டை மாதிரி. ஒரு ஆட்டத்துக்கு நான்கு வண்டி, நான்கு ரவுண்டு. பழைய நூறு சிசி வண்டி மட்டும்தான், பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். வளைவு வந்தால் இடது காலை இறக்கி மண்ணில் ஊன்றி, பின் சக்கரத்தை வெளியே வழுக்க விட்டு, ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடித்துக்கொண்டே இடது பக்கம் போக வேண்டும். பார்க்கிறவனுக்கு வண்டி விழப்போகிறது என்று தோன்றும். விழாமல் கொண்டுபோகிறவன்தான் ரைடர். மண்ணில் இழுபடுகிற அந்தக் காலுக்குத்தான் இரும்புத் தகடு.

தொண்ணூற்றொன்பதில் கன்னையனுக்கு முப்பத்தொரு வயது. நிட்டிங் மிஷின் ஃபிட்டர். கை சுத்தமான ஆள், வாய் கெட்ட ஆள். அந்த வருடம் மழை இல்லை. கிணறெல்லாம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றாமல் வண்டி விட்டால் முன்னால் போகிறவன் கிளப்புகிற புழுதியில் பின்னால் வருகிறவன் செத்தான். குடிக்கிற தண்ணீருக்கே லாரியைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் ரேசுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? நான் அப்போது ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தண்ணீரை டேங்கரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டுகிற டிரைவர். எங்கே கொட்டினேன் என்று கேட்காதீர்கள். கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்து, "தமிழ்செல்வா, என்ன தண்ணியானாலும் சரி, மண்ணு அமுங்கோணும்" என்றார்கள். சனிக்கிழமை காலையில் மூன்று லோடு ஊற்றினேன். கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. மத்தியானம் வெயில் ஏறியதும் தடம் வெள்ளை பூத்து இறுகிப்போனது. சாயத் தண்ணீரில் உப்பு அவ்வளவு இருக்கும். அது மண்ணைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் புழுதியே இல்லை. கன்னையன் எல்லா ஆட்டமும் ஜெயித்தார். ஒன்று முப்பத்தொன்று. அதற்கு முன் யாரும் ஒன்று முப்பத்தேழுக்குக் கீழே வந்ததில்லை. கூட்டம் அவரைத் தோளில் தூக்கியது. ஸ்டாப் வாட்ச் பிடித்த டிரில் வாத்தியார் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். நாலாவதாக வந்தவனுக்கும் அமுக்கினார். ஒன்று முப்பத்தாறு. கடைசியாக வந்தவன்கூடப் பழைய சாதனையைத் தாண்டியிருந்தான். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஜெயித்தவன் நேரத்தைத்தான் எழுதுவார்கள்.

அடுத்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து உப்பெல்லாம் கரைந்து போயிற்று. மண் பழையபடி பொதபொதவென்று ஆனது. கன்னையன் போன வருட நினைப்பிலேயே பிராக்டீசில் காலை இறக்கினார். பூட்ஸ் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டது, வண்டி போய்விட்டது, முட்டி திருகிக்கொண்டது. அவர் இல்லாத ரேசில் ஜெயித்தவன் நேரம் ஒன்று முப்பத்தேழு.

"பாத்தீங்களா, கன்னையன் இல்லாட்டி ஆறு செகண்டு" என்றது ஊர்.

அவ்வளவுதான். அவர் பெரிய ஆளாகிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு சாயத் தண்ணீர் கோர்ட் வரைக்கும் போனது. பட்டறைகளைப் பூட்டினார்கள். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

அந்த முட்டியை வைத்துக்கொண்டு மிஷினில் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. ஃபிட்டர் ஹெல்ப்பர் ஆனார், ஹெல்ப்பர் வாட்ச்மேன் ஆனார். மனைவி சாமியாத்தாள் செக்கிங் வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடந்தது. மகள் மைதிலியை மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாண ஃபிளெக்சில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், வண்டியைச் சாய்த்துக்கொண்டு கன்னையன் வருகிற மாதிரி படம் போட்டிருந்தார். சம்பந்தி வீட்டார், "ஏனுங், மாப்பிள்ளை மேல ஏத்திப்போடுவாராட்ட இருக்குது" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் மகள் வீட்டுக்குப் போவதில்லை.

இந்த நேரத்தில்தான் முனீஸ் வந்தான். அவன் அம்மா முத்துப்பேச்சி திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், எங்கள் லைன் வீட்டில் நாலாவது வீடு. முனீஸ் ஓவர்லாக் டெய்லர். மூன்று வருடமாக ரேசில் அவன்தான் ஃபர்ஸ்ட். சும்மா ஃபர்ஸ்ட் இல்லை, ஐம்பது மீட்டர் முன்னால் வருவான். ஆனால் நேரம் மட்டும் ஒன்று முப்பத்துமூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

கம்பெனி எதிரில் இருக்கிற டீக்கடையில் இந்தப் பேச்சு தினமும் நடக்கும். ஒரு நாள் செந்தில்வேல் ஆரம்பித்தான். பனியன் துணியை அழுத்தி இறுக்கும் காம்பாக்டிங் யூனிட் வைத்திருக்கிறான், அவனும் பழைய ரைடர், இப்போது ரேஸ் கமிட்டிச் செயலாளர்.

"ஏனுங்ணா, நான் அஞ்சு வருசம் வரிசையாச் செயிச்சனுங்க. நீங்க பேர் வாங்குனது ஒரே வருசம். யாரு பெரிய ஆளு?"

"அஞ்சு வருசம் நீ யாரைச் செயிச்சே? பால் ஊத்தப் போற பசங்களை. உன்ர நேரம் என்ன, அதைச் சொல்லு" என்றார் கன்னையன்.

"ஒண்ணு முப்பத்தஞ்சுங்க."

"அப்ப உக்காரு."

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "அன்னைக்குக் கையில அமுக்குன வாட்ச்சுங்க, இன்னைக்குக் கம்ப்யூட்டரு. முன்னப்பின்ன இருக்குமல்லங்க?" என்றார்.

"முன்னப்பின்ன ஒரு செகண்டு இருக்கும். இவனுக ரெண்டு செகண்டு பின்னால நிக்கறானுக. ரோட்டுல தேஞ்சு போன டயரைப் போட்டு நான் ஓட்டுனனுங்க. இன்னைக்கு டயரு, கையுறை, நெஞ்சுக்கு அட்டை, எல்லாம் இருக்குது. தெறமைதான் காணோம்." பிறகு முனீஸைப் பார்த்தார். "அது பெடல் மிதிக்கற காலு கண்ணு. துணி தைக்கும். மண்ணுல நிக்காது."

முனீஸ் கோபப்படவில்லை. ஒன்று கேட்டான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ரெண்டாவது வந்தவரு ஒங்களுக்கு எவ்வளவு தூரம் பின்னாடி வந்தாரு?"

"ரெண்டாவது வந்தவனை எவன் பார்த்தான்?"

கடை மறுபடியும் சிரித்தது. நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வந்தவன் ஒரு வண்டி நீளம்தான் பின்னால் வந்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் யாரும் கேட்காத கேள்வியை அந்தப் பையன் கேட்டுவிட்டான். பதில் என்னிடம் இருந்தது.

இந்த வருடம் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கோயமுத்தூரில் ரேஸ் டீம் ஆரம்பித்திருக்கிறது. கன்னையனின் சாதனையை முதலில் முறியடிக்கும் வீரருக்கு அந்த டீமில் இடம், இரண்டு வருடம் சம்பளம். நடுவில் கன்னையனின் பழைய படம்.

முத்துப்பேச்சி தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வருசம் கெடைக்கலன்னா வண்டிய வித்துருதேன்னு சொல்லிட்டாம்ண்ணே. இருவத்தாறு வயசாச்சு, இனிமே என்னத்துக்குங்கான். ராத்திரி சோறு எறங்க மாட்டேங்கு அவனுக்கு."

நான் செந்தில்வேலின் யூனிட்டுக்குப் போய், தொண்ணூற்றொன்பதில் ஊற்றியது என்ன தண்ணீர் என்று சொன்னேன். நாலாவது வந்தவன் நேரத்தையும் சொன்னேன். அவன் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

"இதைப் போயி இப்பச் சொல்றீங்களேங்ணா. ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. கன்னையண்ணனுக்குப் பொன்னாடை வாங்கியாச்சு. சாயத்தண்ணின்னு வெளிய சொன்னா ரேசே நின்னு போயிரும். நீங்க எப்பவும்போல தண்ணி மட்டும் ஊத்துங்க."

இப்போதும் தடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான்தான். கிணற்றுத் தண்ணீர் லாரி. சரி, தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன் என்று வந்தேன். சாயப்பட்டறைக்கு இறக்குகிற உப்பு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபது மூட்டை. ஒரு லோடுக்குப் பத்து வீதம் டேங்கர் வாயில் கொட்டினேன். கரைய வேண்டுமே, அதனால் வேகத்தடை அதிகமாக இருக்கிற ரோடாகப் பார்த்து ஒரு சுற்றுப் போய் வந்தேன். சனிக்கிழமை வெயிலுக்கு முன்னால் ஊற்றி முடித்தேன். முனீஸுக்கும் அன்றைக்குக் கன்னையனுக்குக் கிடைத்த தடம் கிடைக்கட்டும், அப்போது தெரியும் யார் பெரிய ஆள் என்று. நியாயம் என்றுதான் நினைத்தேன். பாதிதான் நியாயம். கன்னையன் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆத்திரம் மீதி.

ஞாயிற்றுக்கிழமை தடம் வெள்ளை பூத்துக் கிடந்தது. செந்தில்வேல் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட்டாட்ட இருக்குதுங்ணா" என்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு மேடைப் பக்கம் போய்விட்டான். கன்னையன் மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதிய வேட்டி. பொன்னாடை ரேசுக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் முனீஸுக்கு நாலாவது ஆட்டம் வந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான்.

முதல் ஆட்டத்தில் சகாயராஜ் என்ற பையன் ஓட்டினான். எலாஸ்டிக் கடைக்காரர் மகன். நல்ல பையன், சுமாரான ரைடர். போன வருடம் ஒன்று முப்பத்தாறு. அவன் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மைக் கத்தியது.

"ஒரு நிமிடம் முப்பது! சாதனை முறியடிக்கப்பட்டது!"

சகாயராஜ் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.

உப்புத் தடம் எல்லோருக்கும் வேகம் கொடுக்கும். அன்றைக்கு நாலாவதாக வந்தவன் நேரத்தைக் காதால் கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். உப்பைக் கொட்டும்போது நானே அதை மறந்துவிட்டேன். ஃபிளெக்சில் 'முதலில்' என்று போட்டிருந்ததை நானும் படித்தேன். அஞ்சாவது படித்தவனுக்கு அது படிக்க வரும். அதன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது ஆட்டம் ஒன்று இருபத்தொன்பது. மூன்றாவது ஒன்று முப்பது. நாலாவதில் முனீஸ் வந்தான். அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. இரண்டு வளைவிலும் வண்டியை நேராக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே வந்தான். ஒன்று இருபத்தாறு. ஃபைனலிலும் ஐம்பது மீட்டர் முன்னால் வந்தான். அவனுக்குக் கோப்பையும் ஒரு மிக்ஸியும் கொடுத்தார்கள். கோயமுத்தூர் டீமுக்கு சகாயராஜ். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் அவன் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். கன்னையனுக்கு வாங்கிய பொன்னாடையும் அவன் தோளில்தான் விழுந்தது. யார் அந்தக் கூட்டத்தில் பழைய ஆளைத் தேடுவார்கள்?

முனீஸ் மிக்ஸி அட்டைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு லாரிக்கு வந்தான்.

"நல்லாத் தண்ணி விட்டிருக்கிய அண்ணாச்சி. இப்பிடி ஒரு தடத்துல ஒரு நாளாவது ஓட்டிட்டேன், போதும். வண்டிய நாளைக்குக் குடுத்துருதேன்."

மிக்ஸிப் பெட்டியை வாங்கி லாரி சீட்டில் வைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு கன்னையன் தடத்துக்குள் நொண்டிக்கொண்டு போனார். முட்டி மடங்காது, அதனால் முதல் வளைவில் காலை நீட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். என்னைக் கை காட்டி அழைத்தார்.

"எத்தனை மூட்டை?"

"இருபதுங்ணா."

"அன்னைக்கு?"

"மூணு லோடுங்க. சாயத்தண்ணி."

"தெரியும். மொத வளைவுலயே தெரியும். காலு இறக்குனா மண்ணு பொளக்கோணும். பொளக்கலை. இரும்பு கத்துச்சு." தடத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "இத்தனை வருசம் நீயும் சொல்லலை, நானும் சொல்லலை. இப்ப எதுக்குடா? அந்தப் பையனுக்காச்சும் கெடைச்சுதா?"

"இல்லீங்ணா."

"கையக் குடு. எந்திரிக்கோணும்."

தூக்கிவிட்டேன். அன்றைக்கு நாலாவது வந்தவன் நேரத்தையும் அப்போது சொன்னேன். வேட்டியில் ஒட்டிய வெள்ளையைத் தட்டக்கூட இல்லை.

இப்போது கேட்டில் நம்பர் மட்டும் எழுதுகிறார். பூட்ஸ் ஆணியில் இல்லை. முனீஸ் வண்டியை விற்றுவிட்டான், இரண்டு ஷிஃப்ட் தைக்கிறான். சித்திரையில் அடித்த கோடை மழையில் தடம் மறுபடியும் பொதபொதவென்று ஆகிவிட்டது. கமிட்டி போர்டில் ஒன்று இருபத்தாறு என்று பெயிண்டில் எழுதிவிட்டார்கள்.

போன வாரம் டீக்கடையில் ரேசுக்குப் பழகுகிற இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முனீஸ் அண்ணனை இனி எந்தக் காலத்துலயும் ஒருத்தனும் தொட முடியாதுங்க. கன்னையன், செந்தில்வேலு எல்லாம் அப்பறம்."

"தொடறேன் பாரு. அடுத்த மாசிக்குள்ள நானும் இரும்பு பூட்ஸ் அடிக்கறேன்."

கன்னையன் பெஞ்சின் மறு முனையில் இருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான் செயிச்ச அன்னைக்கு நாலாவது வந்தவன் நேரம் என்னன்னு இந்த ஆளைக் கேளுங்க கண்ணு" என்றார்.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நாலாவது வந்தவனை எவனுங்க பார்த்தான்?"