றெஜினா அக்கா விட்டுவிட்டு வராத ட்ரெயிலர்

செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பாண் வாங்க நின்றுகொண்டிருந்தேன். மெழுகுதிரிப் படம் போட்ட மரண அறிவித்தல். "அமைதியும் பொறுமையும் உருவான இல்லத்தரசி திருமதி றெஜினா" என்று எழுதியிருந்தது. வேறு யாரோ ஒரு றெஜினா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன்.

மாரடைப்பு. அஜக்ஸில் மகனின் வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

அவரை அறிந்த உங்களைக் கேட்கிறேன். பொறுமையா? றெஜினா அக்காவா? இல்லத்தரசி என்ற சொல்லும் பிழை. ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நானும் அவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். பனி கொட்டும் நாட்களிலும் 401 நெடுஞ்சாலையில் தானே வாகனம் ஓட்டி வந்து, எங்களுக்கு முன்னரே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். அந்த உழைப்பை ஒரே சொல்லில் அழித்துவிட்டார்கள். ஒரு பெண் கண்ணை மூடியதும் அவளைச் சாந்தசொரூபி ஆக்கிவிட எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு அவசரம்!

கணவர் இறந்தபின் ஸ்கார்பரோ வீட்டை விற்ற காசை மகனின் புது வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் நிலக்கீழ் பேஸ்மண்டில் குடியிருந்தார் அக்கா. ஓய்வு பெற்ற வருடம் ஒரு பழைய பிக்கப் ட்ரக்கும் ஒரு பழைய ட்ரெயிலரும் வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள, வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கதை பரவியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்:

"என்ன றெஜினா, மகன் வீட்டால கலைச்சுப் போட்டானோ?"

"இல்லை அண்ணை. நானே என்னைக் கொஞ்சம் வெளியால எடுத்து விடுறன்" என்றார் அக்கா.

சில கோடைகளுக்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு வடக்கே ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனார். மூன்றாம் நாள் காலையில் வானம் மஞ்சளாகிப் புகை மணந்தது. பூங்கா ஊழியரான ஓர் இளம் பெண் ஒவ்வோர் இடமாக வந்து சொன்னாள்: காட்டுத்தீ இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் மத்தியானத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும், கொண்டுபோக முடியாததை விட்டுவிட்டுப் போங்கள்.

ட்ரெயிலரின் முன் மூக்கைத் தூக்கவும் இறக்கவும் ஒரு மின்சார ஜாக் இருந்தது. பட்டனை அழுத்தினால் மூக்கு உயரும். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, அதன் பின்புறத்துக் குண்டுக் கொழுவியை மூக்குக்குக் கீழே கொண்டுவந்து, மூக்கை இறக்கிப் பூட்ட வேண்டும். அக்கா பட்டனை அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை. பற்றறி செத்துக் கிடந்தது. பிக்கப்பிலிருந்து வயரைச் செருகிப் பார்த்தார். பின் விளக்குகள் எரிந்தன, ஜாக் அசையவில்லை. வசந்தத்தில் ட்ரெயிலரைத் திருத்தகத்துக்குக் கொண்டுபோய், பற்றறியைப் பாருங்கள் என்று சொல்லியே கொடுத்தவர் அவர். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தத் திருத்தகத்துக்கே தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் பேசியவன் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கும் கேட்டது: "பக்கத்தில் உங்கள் கணவர் இருக்கிறாரா? அவரிடம் போனைக் கொடுங்கள், விளக்குவது சுலபம்."

அக்காவின் பதிலும் ஆங்கிலத்தில்தான் வந்தது: "என் கணவர் கல்லறையில் இருக்கிறார். அங்கே அவர் போன் எடுப்பதில்லை. எனக்குச் சொல்."

 அவன், பற்றறி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிட்டுப் போங்கள், காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

இந்தத் திருத்தகக்காரர்களைப் பாருங்கள். விற்பார்கள், திருத்துவார்கள். விளக்கம் சொல்ல மட்டும் ஓர் ஆண் வேண்டும்!

"அக்கா, விட்டிட்டு வாங்கோ. பிக்கப்பில போவம்" என்றேன்.

"சுலோ, வீடு மகன்ர பேரில. முந்தின வீடு மனுசன்ர பேரில. என்ர பேரில இருக்கிறது இது ஒண்டுதான். மத்தியானம் எண்டுதானே அந்தப் பிள்ளை சொன்னவள்? இன்னும் நேரம் கிடக்கு. கரண்ட் நிண்டா என்ன செய்யிறது எண்டு யோசிக்காமல் இதை ஒருத்தன் செய்திருப்பானோ? கையால சுத்த வழி இருக்கும். பாரன்."

சில்லுகளுக்கு முட்டுக்கட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு ஜாக்கின் தலையை விரல்களால் தடவினார். உச்சியில் ஒரு கறுத்த ரப்பர் மூடி. பட்டர் பூசும் கத்தியால் அதை நெம்பினார். கீழே ஒரு நட். அதைச் சுற்றவென்று ஒரு கைபிடி இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் தேடியும் கிடைக்கவில்லை. பிக்கப்பின் சில்லுக் கழற்றும் நாலுகைச் சாவியை எடுத்து வந்து ஒவ்வொரு வாயாக வைத்துப் பார்த்தார். ஒன்று நட்டைக் கவ்வியது.

முதல் சுற்றில் மூக்கு இறங்கியது. "சனியன்!" என்று கத்திவிட்டு மற்றப் பக்கம் சுற்றினார். மயிரிழை அளவு உயர்ந்தது. அவருக்குக் கை சோர நான் சுற்றினேன், எனக்குச் சோர அவர் சுற்றினார். புகையில் கண் எரிந்தது. பக்கத்து இடத்தில் தன் ட்ரெயிலரைக் கொழுவி முடித்த தாடிக்காரர் ஒருவர் வந்து, நான் சுற்றட்டுமா என்று கேட்டார்.

"சுற்றுவது நாங்கள் பார்ப்போம். வாகனத்தைப் பின்னால் எடுக்கும்போது வழி காட்டுங்கள், அது போதும்" என்றார் அக்கா.

மூக்கு வேண்டிய உயரம் வந்ததும் அக்கா பிக்கப்பைப் பின்னால் எடுத்தார்; தாடிக்காரர் நின்று கையசைத்து வழி காட்டினார். குண்டு சரியாக மூக்குக்குக் கீழே வந்தது. மறுபடி சுற்றி மூக்கை இறக்கிப் பூட்டி, சங்கிலி கொழுவி, ஜாக்கின் கால் நிலத்தைவிட்டு நன்றாக எழும்பும்வரை சுற்றினோம். மத்தியானத்துக்கு முன்னரே வெளியேறிவிட்டோம்.

தெற்கே ஓர் எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி முகம் கழுவினோம். அக்கா மீண்டும் அதே இலக்கத்துக்கு எடுத்தார். "ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு நட் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பெண் எடுத்தால் அதைச் சொல். அவளுடைய கணவனைக் கேட்காதே" என்றார். அடுத்த கிழமை நேரிலும் போய், பற்றறியை மாற்றித் தரும்வரை அவர்களின் மேசை முன்னால் நின்றார்.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. மீன்குழம்பைச் சொன்னார்கள், செபமாலையைச் சொன்னார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர் என் காதருகே குனிந்து, "உந்த வயசில உந்த அலைச்சல் தேவையோ பிள்ளை? வீட்டில கிடந்திருந்தா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா" என்றார்.

"அவ வீட்டில கிடக்கேக்கதான் செத்தவ, அங்கிள்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

மகனில் எனக்குக் கோபமில்லை. வாகனத் தரிப்பிடத்தில் என்னைத் தேடி வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"அன்ரி, அம்மா எங்க எல்லாம் போனவ? ஐ நெவர் ஆஸ்க்ட் ஹெர்."

சொன்னேன். ஏரிகளின் பெயர்களைச் சொன்னேன், தீயைச் சொன்னேன். அம்மா மழையில் வெளியே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்ததைச் சொன்னபோது வாய்விட்டு அழுதான்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவரின் கோபம் இருக்கிறது. போன கிழமை, நான் இன்னும் வேலை செய்யும் அந்த முதியோர் இல்லத்தில் புதிய மேலாளர் கூட்டம் வைத்து, ஆட்கள் போதாதபடியால் இனி இரவுச் சாப்பாட்டைப் பின்னேரமே கொடுத்துவிடப்போகிறோம் என்றார். முதியவர்கள் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டு விடியும்வரை பசியோடு கிடக்க வேண்டும். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத நான் எழும்பினேன். இது அநியாயம் என்றேன். 

"இது எல்லோருடைய கருத்தா?" என்று கேட்டார் மேலாளர்.

"என்னுடையது" என்றேன். பிறகும் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.