ஒரே பெயரில் பதினொரு கோப்புகள்

சரிதாவுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. நிஜ பஸ் அல்ல, செல்போனில் ஓட்டுகிற பஸ். அவள் கையில் போனைக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு டீக்கடையும் இரண்டு ஆட்டோவும் காலியாகிவிடும். அப்படிப்பட்டவள்தான் மலையிலும் அடிவாரத்திலும் பஸ் கேம் விளையாடுகிற மூவாயிரம் பேருக்கு அக்கா.

கேமை உண்டாக்கியவர்கள் எங்கோ கடல் தாண்டி இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பஸ்ஸும் ரோடும் நம் ஊர் ஜாடையில் இல்லை. அதனால் விளையாடுகிறவர்களே போளூர் வண்டி, வேலூர் டவுன் பஸ், அதற்குப் பெயின்ட், பாட்டு ஹாரன், ஊர் ரோடு என்று செய்து டெலிகிராம் குரூப்பில் போட ஆரம்பித்தார்கள். போட்டார்களே தவிர ஒருவரும் ஒழுங்காகப் போடவில்லை. ஹாரன் என்று இறக்கினால் பெயின்ட் வரும், ஆரணி வண்டி என்று திறந்தால் மணல் லாரி நிற்கும்.

சரிதா ஜமுனாமரத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள். சாதிச் சான்று, பட்டா மாறுதல், வேலைவாய்ப்புப் பதிவு என்று பகல் முழுக்க அடுத்தவர் விண்ணப்பங்களைத் தட்டுகிற வேலை. கணவன் கிருஷ்ணன் அமிர்தியில் வனத்துறை நர்சரியில் இருக்கிறான், வாரம் ஒருமுறை மலையேறி வருவான். கொரோனா சமயத்தில் அவன் போனில் அந்த குரூப்பைப் பார்த்தவளுக்குக் கை அரித்தது. மிளகாய்த் தூள் டப்பாவில்கூடத் தேதி எழுதி ஒட்டுகிறவள் அந்தக் குப்பையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்? கைக்கடக்கமாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினாள். எல்லாவற்றையும் இறக்கினாள். ஊர் வாரியாக, வண்டி வாரியாக, செய்தவர் பெயர் போட்டு அடுக்கினாள்.

"உன்ன வுட்டா காட்டுல கீற மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுடுவ. அது எங்க டிபார்ட்மென்ட் வேல" என்பான் கிருஷ்ணன்.

ஐந்து வருஷத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் கோப்புகள். யார் எதைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் எடுத்துக் கொடுப்பாள். 'எங்கிட்ட குடுத்தா பேங்க் லாக்கர்ல வெச்ச மாரி' என்று அவளே குரூப்பில் எழுதியிருக்கிறாள். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் அதுவரை அதில் பொய்யில்லை.

குரூப்பில் எல்லோரும் மெச்சுகிற கைக்காரன் ரஞ்சித். உள் மலையில் சாமை விதைக்கிற குடும்பம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மலைப்பாதை முழுவதையும் வளைவு வளைவாகக் கேமுக்குள் கட்டிக்கொண்டிருந்தான். கைப்பிடிச் சுவரில் லாரி இடித்த காயம்கூட அதில் இருக்கும். அவன் ஊரில் சிக்னல் கிடையாது. ஒரு துண்டு முடிந்ததும் லேப்டாப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு நடந்துவந்து அனுப்புவான். ரோடு கட்டுகிற மென்பொருள் எதைச் செய்தாலும் 'மலை ரோடு' என்றே பெயர் வைத்துக் கொடுத்தது. அவனும் மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, 'இது நாலாவது துண்டுக்கா' என்று கூடவே ஒரு வரி எழுதுவான். சரிதா அதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு டிஸ்கில் சேர்ப்பாள். இப்படி எட்டு மாதத்தில் பதினொரு துண்டுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் நிரம்பிவிட்டது. சரிதா சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரே ஆள், ஒரே பெயரில் பலமுறை அனுப்பியிருந்தால் கடைசியாக வந்ததுதான் திருத்தியது, மற்றதெல்லாம் பழசு. குரூப்பில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புவார்கள், ஒரே வண்டியைப் பத்துத் தடவை திருத்தித் திருத்தி. அந்தச் சட்டப்படி 'மலை ரோடு' பத்தை அழித்து ஒன்றை வைத்துக்கொண்டாள். குரூப்புக்கும் அவள்தான் அட்மின், அங்கும் குப்பை வேண்டாமென்று எடுத்துவிட்டாள். 'சுத்தம் பண்ணியாச்சு' என்று அறிவித்ததும் எண்பது பேர் கைதட்டினார்கள். ரஞ்சித்தும் தட்டியிருந்தான்.

மறுநாள் அவனே சென்டருக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. டிரைவருங்களுக்கு ஸ்கிரீன்ல வண்டி ஓட்டக் கத்துக்குடுக்குற மிஷின் செய்றாங்க. அடுத்த திங்கக்கெழம வரச் சொல்லிகீறாங்க. மலை ரோட்ட முழுசா ஓட்டிக் காட்டணுமாம்."

"நல்ல சேதி. போய்ட்டு வா."

"லேப்டாப்பு போன வாரம் மழயில ஊறிப் பூட்ச்சுக்கா. வூட்ல எல்லாம் பயந்துட்டாங்க. நான் சொல்லிட்டேன், அக்காகிட்ட பதினோரு துண்டும் பத்ரமா கீதுன்னு."

பதினொரு துண்டு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தட்டிக்கொண்டிருந்த விண்ணப்பத்தைச் சரிதா பாதியில் நிறுத்தினாள். அவன் எழுதிய வரிகளெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றையும் படித்து இதயம் போட்டவள் அவள்தான்.

நான் அழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "டிஸ்க் பூட்ச்சு ரஞ்சித்து. நேத்து கீழ வுழுந்துடுச்சு" என்று வந்தது.

ரஞ்சித்தின் சிரிப்பு நின்றது. ஆனால் அவன் கேட்டது தன் ரோட்டைப் பற்றி அல்ல.

"அய்யோ, அத்தன பேரோடதுமாக்கா? அஞ்சு வருசமா சேத்தீங்களே."

அன்று மாலையே பாறைக்குப் போய் குரூப்பில் எழுதிவிட்டான். அக்காவோட டிஸ்க் போய்டுச்சு, யார்கிட்ட இன்னா கீதோ அனுப்புங்க, மலை ரோடு இருந்தா மொதல்ல அனுப்புங்க. அவ்வளவுதான். கலசப்பாக்கத்திலிருந்து ஒருவர் நாற்பது வண்டி அனுப்பினார். படவேட்டுக்காரர் புருஷோத்தமன், குவைத்தில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், தூக்கத்தை விட்டு இருபது ஹாரன் அனுப்பினார். 'வந்துச்சாம்மா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். 'கவலப்படாதீங்க அக்கா, நாங்க கீறோம்' என்று முகம் தெரியாத பிள்ளைகளெல்லாம் எழுதினார்கள்.

சரிதா கைப்பையில் முழுசாக இருக்கும் டிஸ்கை வைத்துக்கொண்டு அதையெல்லாம் வாங்கினாள். வந்ததை இறக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அனுப்பியவர்கள் கேட்கிறார்களே, வந்தது என்று பதில் போட்டுவிட்டு வாங்காமல் இருந்தால் அது இன்னொரு பொய்யாகிவிடாதா? அவளுக்குப் பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் சொல்ல வந்தது. சென்டர் கம்ப்யூட்டரில் சொந்த விஷயம் எதையும் வைக்கக் கூடாது. அதனால் அதே டிஸ்கில், 'திரும்பி வந்தவை' என்று ஒரு பிரிவு போட்டு, ஒவ்வொன்றையும் அனுப்பியவர் பெயரோடு அடுக்கினாள். நாலு நாள், முந்நூறு கோப்புகளுக்கு மேல்.

மலை ரோட்டில் ஏழு துண்டுகள் திரும்பி வந்தன. அவளிடம் இருந்த ஒன்றோடு எட்டு. நாலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது மட்டும் யாரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரஞ்சித் வந்து கையை நீட்டினான்.

"டிஸ்க்க குடுங்கக்கா. வேலூர்ல ஒருத்தரு செத்த டிஸ்க்ல இருந்தே எடுத்துத் தர்றாராம். இப்ப வர்ற பஸ்ல நானே எடுத்துன்னு போறேன். எனக்கு மூணு துண்டு, உங்களுக்கு எல்லாமே வந்துடும்."

இனி ஓட இடமில்லை. சரிதா பையிலிருந்து டிஸ்கை எடுத்தாள். அவன் கையில் கொடுக்காமல் கம்ப்யூட்டரில் சொருகினாள். நீல விளக்கு எரிந்தது.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவல ரஞ்சித்து. நான்தான் அழிச்சேன், ஞாயித்துக்கெழம. ஒரே பேரா இருந்துச்சு, பழசுன்னு நெனச்சுட்டேன்."

ரஞ்சித் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழம நான் வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் போனை எடுத்து வேலூர்க்காரரைக் கூப்பிட்டான், ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அழிச்சது தானா? அப்போ கவலயே இல்லங்க" என்றது அந்தப் பக்கக் குரல். "அழிச்சா உடனே எங்கயும் பூடாது. வேற ஏதாச்சும் அதுமேல எழுதுற வரிக்கும் உள்ளதான் கெடக்கும். அழிச்சப்புறம் அந்த டிஸ்க்ல எதுவும் ஏத்தலயே?"

சரிதா போன் பக்கம் குனிந்தாள்.

"ஏத்தனேங்க."

"எவ்ளோ?"

"நாலு நாளா. முந்நூறுக்கு மேல."

"அடடா. திங்கக்கெழமயே குடுத்திருந்தா முழுசா வந்திருக்கும்மா. சரி, கொண்டாங்க, பாக்கலாம்."

ரஞ்சித் டிஸ்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். ராத்திரி போன் செய்தான். அந்த மூன்றும் இருந்த இடத்தில் இப்போது ஹாரனும் பெயின்ட்டும்தான் இருக்கிறதாம்.

"ரஞ்சித்து, நான் குரூப்ல எல்லார்கிட்டயும் உண்மய சொல்லிட்றேன். எழுதிகூட வெச்சுட்டேன்."

"வேணாங்க. அவங்க ஆசயா அனுப்புனதுதான் அதும்மேல ஏறிச்சுன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு பூடுவாங்க. திங்கக்கெழம மூணாவது துண்டு வரிக்கும் ஓட்டிக் காட்டிட்டு வர்றேன். வெச்சுட்றேங்க."

மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் அவ்வளவு பேச்சில் ஒரு 'அக்கா' இல்லை. சரிதா அதைத் தேடித் தேடிப் பார்த்தாள்.

எழுதி வைத்திருந்த நாலு வரியை அழித்தாள். அதற்குள் குவைத்திலிருந்து புருஷோத்தமன் இன்னொரு கோப்பை அனுப்பியிருந்தார். பழைய படவேடு வண்டியின் ஹாரனாம், யாரிடமோ கேட்டு வாங்கினாராம். வந்துச்சாம்மா என்று கேட்டிருந்தார்.

'வந்துச்சுண்ணா' என்று போட்டாள்.