எந்த வரிசை அழகு?

இபு நினிங், நம்மூர்ப் பேச்சில் நினிங் டீச்சர், கத்த மாட்டார். சுக்காசிரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த பெரிய பெயரே அதுதான். பக்கத்து வகுப்பில் பாக் வவான், அதாவது வவான் சார், பிரம்பால் தட்டித் தட்டி மேசைக் காலே ஆடிப்போயிருந்தது. அவருடைய பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போய் ஜன்னல் வழியாகவே வந்தார்கள். நினிங்கின் இரண்டாம் வகுப்பிலோ ஒரு ஈ நுழைந்தால் அந்த ஈக்கே கூச்சமாக இருக்கும்.

பள்ளி வாசலில் தள்ளுவண்டியில் சிலோக் என்ற மாவுருண்டை விற்கும் எந்தின் என்ற அக்கா, "அந்தம்மா புள்ளைங்களுக்கு ஏதோ மருந்து வெச்சிருக்காங்க. எம் புருசனுக்கும் ஒரு வேளை கேட்டு வாங்கணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மருந்தெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கேள்விதான். பள்ளி விடும் நேரத்தில் வாசற்படியில் நின்றுகொண்டு நினிங் மெதுவாகக் கேட்பார்: "எந்த வரிசை அழகு?"

உடனே கைகள் மேசைமேல் மடியும். முதுகுகள் நிமிரும். வாய்கள் பூட்டிக்கொள்ளும். எந்த வரிசை ஆடாமல் அசையாமல் இருக்கிறதோ, அதுதான் முதலில் எழுந்து வரும். ஒவ்வொரு பிள்ளையும் இபுவின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிவிட்டு வெளியே ஓடும். வீட்டுக்கு அனுப்பும்போது இதை எல்லா ஆசிரியர்களும்தான் செய்கிறார்கள். நினிங் எல்லாவற்றுக்கும் செய்தார். தண்ணீர் குடிக்க, கை கழுவ, விளையாட. கடைசியில், "வெளியே" என்ற சொல் காதில் விழுந்தாலே பிள்ளைகளின் கைகள் தானாக மடியத் தொடங்கின. தலைமையாசிரியர் பாக் கோசிம் மற்றப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிவந்து ஜன்னலோரம் நிறுத்திக் காட்டுவார், தாமே வளர்த்த மீன்தொட்டியைக் காட்டுவதுபோல. நினிங் ஒன்றும் தெரியாதவர் மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொள்வார். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும்.

ஒரு நாள் காலை கூட்டல் கணக்கு. கடைசி வரிசையில் நெனெங் என்ற பெண், பூனை குட்டி போட்ட கதையைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெனெங், இன்னிக்கு நீதான் கடைசி. எல்லாரும் போனப்புறம்தான் போவே, சரியா?"

"சரி இபு."

கொஞ்ச நேரத்தில் கரும்பலகை சுவரில் டக்டக்கென்று தட்டியது. வவானின் வகுப்புதான் சுவரை உதைக்கிறது என்று நினிங் நினைத்தார். பிறகு தரை நழுவியது. சுண்ணக்கட்டிகள் உருண்டன. தெருவில் எந்தின் அக்கா, "இருக்கோம்! இருக்கோம்!" என்று மண்ணைப் பார்த்து அலறினார். நாங்கள் மேலே உயிரோடு இருக்கிறோம், எங்களை உலுக்காதே என்று பூமிக்குச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

பாக் வவானின் வகுப்பு வாசல், ஜன்னல், கண்ட வழியெல்லாம் கொட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டது.

நினிங் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிள்ளைகளிடம் கத்தினார். "வெளியே! எல்லாரும் வெளியே!"

முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளும் கையை மடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கூரையிலிருந்து தூசி அவர்கள் தலையில் உதிர்ந்தது. ஒருத்தரும் தட்டிவிடவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டார்கள்.

"ஓடுங்கடா! எந்திரிங்க!"

இபு கத்தக் கத்த, எந்த வரிசையும் போதுமான அழகாக இல்லையோ என்று பயந்து பிள்ளைகள் இன்னும் விறைத்தார்கள். முன்வரிசையில் ஒருவன் உதடு அசையாமல் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது நினிங்கின் காதில் தெளிவாக விழுந்தது: "ஆடாதடா. பூமிதான் ஆடுது, நாம ஆடக் கூடாது. நம்ம வரிசைதான் முதல்ல."

"முதல் வரிசை, போங்க!" என்றார் நினிங். அது பலித்தது. ஆனால் வாசலுக்கு வந்த முதல் பிள்ளை நின்றுவிட்டது. கைக்காகக் காத்திருந்தது.

நினிங் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "இப்ப வேணாம், போ!"

பிள்ளை போகவில்லை. அவரைச் சுற்றிப் பின்பக்கம் வந்து கையைத் தேடியது. அதற்குப் பின்னால் வரிசை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே ஓடு ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

நினிங் ஒரே தாவலில் மைதானத்துக்குள் ஓடினார். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. நடுவில் நின்று வலது கையை நீட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: "எல்லா வரிசையும் அழகு! எல்லாரும் முதல்! கை இங்க இருக்கு, வந்து பிடிங்க!"

அணை உடைந்ததுபோல் வந்தார்கள். அந்தக் கையைப் பிடிக்க அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

நெனெங் இல்லை.

கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடினார் நினிங். காலி வகுப்பில், கடைசி வரிசையில், நெனெங் கையை மடித்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தூசியோடு கண்ணீர் கோடு போட்டிருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. நினிங் அவளை இடுப்பில் அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினார். பின்னால் ஓடுகள் சரிந்து பெஞ்சுகளின்மேல் விழுந்தன.

மைதானத்தில் இறக்கிவிட்டதும் அவள் கேட்டாள்: "இபு, நான் ஒரு வார்த்தை பேசலியே. பாத்தீங்கல்ல?"

நினிங் மண்ணில் உட்கார்ந்து அவள் கன்னத்துத் தூசியைத் துடைத்தார்.

அப்போதுதான் மைதானத்துக்கு வந்த பாக் கோசிம் அவர் தோளைத் தட்டினார். "பிரமாதம் இபு! ஒருத்தன் இடிக்கல, ஒருத்தன் மிதிக்கல. எல்லாம் உங்க பழக்கம்! கல்வி அதிகாரிங்க வரும்போது இதையே செஞ்சு காட்டணும்."

"பாக், அவங்க ஒழுங்கா வரல. வரவே இல்ல."

"அடக்கத்தைப் பாருங்க!" என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார் அவர்.

அன்றிரவு நினிங் படுக்கப் போனார். கண்ணை மூடினால் மடித்த கைகள். இத்தனை காலமும் அமைதி அமைதி என்று தான் வளர்த்தது எதை என்று திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் தார்ப்பாய்க் கொட்டகையில் வகுப்பு நடந்தது. நினிங் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டார். தினமும் கணக்குக்கு நடுவில், பாட்டுக்கு நடுவில், திடீரென்று "ஆடுது!" என்பார். முதல் நாள் பாதிப் பேர் கையை மடித்தார்கள். "கேக்காதீங்க. என்னைப் பாக்காதீங்க. கை வேணாம். ஓடுங்க!" பாக் வவானின் பிள்ளைகளில் நான்கைந்து பேரைக் கடன் வாங்கிவந்து, ஓடிக் காட்ட நடுவில் உட்கார வைத்தார்.

"எம் புள்ளைங்களையா கேக்கறீங்க?" என்று வவானுக்கே நம்ப முடியவில்லை. "திருப்பித் தர வேணாம் இபு, வெச்சுக்குங்க."

அதிகாரிகள் வந்தார்கள். பாக் கோசிம் கொட்டகை வாசலிலேயே நாற்காலி போட்டு, பலகாரப் பெட்டிகளை அடுக்கி, "இப்ப பாருங்க, ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்" என்றார்.

"ஆடுது!" என்றார் நினிங்.

பலகாரப் பெட்டி ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு அதிகாரியின் தொப்பி காலடியில் போனது. பாக் கோசிம் நாற்காலியோடு சாய்ந்தார். அவர் மடியைத் தாண்டிக் குதித்துப் போனவள் நெனெங்.

"இபு நினிங்!" பாக் கோசிமுக்கு வாய் குழறியது. "என்ன இது! வரிசை எங்க? மரியாதை எங்க?"

நினிங் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பெஞ்சிலும் ஆள் இல்லை. இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் பாக் கோசிமைத் தூக்கிவிடக் கை நீட்டினார்.